பச்சை குத்துபவருக்கு ஒரு முகவரி வேண்டும்

ஒரகடம் கூட்ரோட்டில் சம்பளம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை என்னென்ன வியாபாரம் நடக்கும்? பிரியாணி, ஜீன்ஸ் பேன்ட், செல்போன் கவர், ஊருக்குப் பணம் அனுப்புவது... இந்தப் பட்டியலில் டாட்டூவும் சேர்ந்துவிட்டது. முன்கையில் அம்மா பெயர், தோளில் சிவன், கழுத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம், மணிக்கட்டில் யாரோ ஒருவருடைய முதல் எழுத்து. பெரியவர்கள் பார்த்தால் "காசைக் கொடுத்து உடம்பைக் கெடுத்துக்கறானுங்க" என்பார்கள். கூட வேலை செய்பவர்கள் "செம" என்பார்கள். இரண்டு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. குத்தியவர் யார்? நாளைக்கு அந்த இடம் வீங்கிச் சீழ் பிடித்தால் அவரை எங்கே போய்ப் பிடிப்பது?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றித்தான். டாட்டூ நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் இங்கே கிடையாது. குத்திக்கொள்பவர்கள் குத்திக்கொண்டேதான் இருக்கப் போகிறார்கள். அப்படியிருக்க, பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற ஒருவர் ஓரிடத்தில் கடை திறக்க முன்வந்தால், அரசாங்கமும் ஊரும் அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

பாட்டியின் கையைப் பாருங்கள்

டாட்டூ வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்பவர்கள், வீட்டில் எண்பது வயதுப் பாட்டி இருந்தால் அவருடைய முன்கையைக் கொஞ்சம் பார்க்கலாம். புள்ளிக்கோலம், தேள், பெயர் என்று ஏதாவது ஒன்று மங்கலாகத் தெரிய வாய்ப்பு உண்டு. நம் ஊரில் அதற்குப் பெயர் பச்சை. உள்ளே போவது விளக்குக்கரியும் இலைச்சாறும் கலந்த கறுப்பு மைதான். ஆனால் தோலுக்கு அடியில் இருக்கும் கறுப்பை மேலிருந்து பார்த்தால் நீலப்பச்சையாகத் தெரியும். கை நரம்பு பச்சையாகத் தெரிவதும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒளி செய்கிற வேலைதான். பெயர் வைத்தவர்கள் மையைப் பார்த்து வைக்கவில்லை, தோலைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்!

குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் சமூகத்துப் பெண்கள். எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் சேர்ந்து 1909-ல் வெளியிட்ட, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதி நூலில் இந்தப் பெண்களின் பச்சை குத்தும் தொழில் பதிவாகி இருக்கிறது. ஊர் ஊராக நடப்பது, தெருவில் குரல் கொடுப்பது, திண்ணையில் உட்கார்ந்து குத்துவது, கூலியாகக் காசோ அரிசியோ வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவது. சில ஊசிகளைச் சேர்த்துக் கட்டினால் கருவி தயார். வலி மறக்கப் பாட்டும் உண்டு.

சுத்தத்தைப் பொறுத்தவரை அது நல்ல முறை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே ஊசி எத்தனை கைகளைப் பார்த்ததோ! ஆனால் அதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. அந்தப் பெண் அடுத்த திருவிழாவுக்கும் அதே ஊருக்கு வந்தாக வேண்டும். ஊருக்கு அவர் முகம் தெரியும். கை வீங்கிப்போனால் கேட்பதற்கு ஓர் ஆள் உண்டு.

இந்த வாழ்க்கையை வெள்ளைக்காரர்களின் அரசு எப்படிப் பார்த்தது தெரியுமா? குற்றப் பழங்குடிகள் சட்டம் என்று ஒன்று 1871-ல் வடக்கே தொடங்கி, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அலைந்து திரிந்து பிழைத்த பல சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று பட்டியலில் ஏற்றினார்கள். குறவர்களும் அதில் இருந்தார்கள். போலீஸிடம் பெயர் பதிய வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், இடம் மாறினால் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுக்க 1952-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. நிலையான முகவரி இல்லாததையே குற்றமாக்கிய சட்டம் அது. பச்சை குத்துபவருக்கு முகவரி வேண்டும் என்று இன்றைக்குச் சொல்லும்போது இந்தக் கதையை மறந்துவிட்டுச் சொல்லக்கூடாது. முகவரி என்பது போலீஸ் கண்காணிக்க அல்ல, வாடிக்கையாளர் திரும்பி வந்து கேட்க.

ஸ்ரீபெரும்புதூருக்கு இது புதிதல்ல

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த ஊர். வைணவர்கள் ஆசாரியரிடம் பெறும் பஞ்ச சம்ஸ்காரத்தில் முதலாவது, சூடேற்றிய சங்கு சக்கர முத்திரையை இரண்டு தோள்களிலும் ஒற்றிக்கொள்வது. உடம்பில் அழியாத அடையாளம் வாங்கிக்கொள்வது இந்த ஊருக்கு அதிசயம் இல்லை. யார் இட்டது என்று கேட்டால் ஆசாரியர் பெயரைச் சொல்லலாம், மடத்தின் பெயரைச் சொல்லலாம். குத்திக்கொள்வதற்கும் முத்திரை பெறுவதற்கும் நோக்கம் வேறு வேறுதான். ஆனால் 'யாரிடம் பெற்றாய்?' என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது, கவனியுங்கள்.

இப்போது அதே ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது? இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். அதன் பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு. செல்போன் பக்கம் சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். தென் மாவட்டங்களிலிருந்து, ஒடிசா, பீகார், அசாம், ஜார்க்கண்டிலிருந்து வந்த இருபது வயதுக்காரர்கள் இங்கே கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள். கையில் முதல் சம்பளம். வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லை. உடம்பு ஒன்றுதான் முழுக்கத் தன்னுடையது, மற்றதெல்லாம் கம்பெனி யூனிஃபார்ம். டாட்டூ குத்திக்கொள்ள இதைவிடப் பெரிய காரணம் தேவையா?

பைக்குள் அடங்கிய கடை

இவர்களைத் தேடித்தான் ஊர் சுற்றும் டாட்டூக்காரர் வருகிறார். கோயில் திருவிழாவில் பேட்டரியும் மாடல் அட்டையும் வைத்துக்கொண்டு குத்தியவர்களின் அடுத்த தலைமுறை என்று சொல்லலாம். தோளில் ஒரு பை. அதற்குள் மெஷின், பவர் சப்ளை, மை பாட்டில்கள், கையுறை, ஸ்டென்சில் பேப்பர், வாஸலின், பிளாஸ்டிக் ராப். அந்த மெஷினுக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. தாமஸ் எடிசன் 1876-ல் காப்புரிமை பெற்ற மின்சாரப் பேனா, காகிதத்தில் நுண்ணிய துளை போட்டுப் பிரதி எடுப்பதற்கான கருவி. நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் அந்த யோசனையை மாற்றியமைத்து, தோலில் மை ஏற்றும் மெஷினுக்கு 1891-ல் காப்புரிமை வாங்கினார்.

வாழ்க்கை என்னவோ சுலபமில்லை. வாடிக்கையாளர்கள் ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று பிரிந்து கிடக்கிறார்கள். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் வருவார். ஆறு பேர் தங்கும் அறையில், ஒரு டியூப்லைட் வெளிச்சத்தில், தரையில் உட்கார்ந்து குனிந்து மூன்று மணி நேரம் வேலை. முதுகும் கண்ணும் போய்விடும். பெயரை ஒடியாவில் எழுதச் சொல்வார் ஒருவர், வங்காளத்தில் எழுதச் சொல்வார் இன்னொருவர். தெரியாத எழுத்தில் ஒரு கொம்பு விட்டுப்போனால் ஆயுசுக்கும் தப்பு! அதனால் விவரமானவர்கள் வாடிக்கையாளரையே காகிதத்தில் எழுதச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதைத்தான் ஸ்டென்சில் எடுப்பார்கள். கூலியை அங்குலக் கணக்கில் பேசுவார்கள், கடைசியில் பேரம் பேசிப் பாதியாக்குவார்கள். "மச்சானுக்கும் சேர்த்து ஒரு ரேட் போடுங்கண்ணா" என்பதைக் கேட்காத டாட்டூக்காரர் இருக்க முடியாது :-)

பிரச்சினை எங்கே வருகிறது? மை போய் உட்காரும் இடம் மேல்தோலுக்குக் கீழே, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். அங்கே ரத்தம் உண்டு. ஊசி ஒருவர் ரத்தத்தைத் தொட்டபின் இன்னொருவரிடம் போனால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாவற்றுக்கும் வழி திறக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்த பரப்பில் ஏழு நாட்கள்கூடத் தாக்குப்பிடிக்கும். ஊசியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன், டெட்டாலில் கழுவினேன் என்பதெல்லாம் போதாது. ஆட்டோகிளேவ் என்கிற அழுத்தக் கொதிகலனில் 121 டிகிரி நீராவியில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி வேண்டும். அறைக்கு அறை போகிறவர் ஆட்டோகிளேவைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? ஒருமுறை ஊசியாவது புதிதாகப் பிரிப்பாரா என்பது அவர் மனசாட்சியைப் பொறுத்தது. முடிந்தபின் அந்த ஊசி எங்கே போகிறது? அறையின் குப்பைக்கூடைக்கு. அங்கிருந்து வெறுங்கையோடு குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளர் கைக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. புது டாட்டூ ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை முன்கையில் குத்திக்கொண்டு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கூலன்ட் எண்ணெய் தெறிக்கும் மெஷின் முன்னால் நின்றால், அல்லது எட்டு மணி நேரம் வியர்வை ஊறும் நீளக் கையுறைக்குள் கையை வைத்தால், புண் எப்படி ஆறும்? அதற்குள் டாட்டூக்காரர் அடுத்த ஊரில் இருப்பார். இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பினால் பதில் வந்தால் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி லீவு போட்டால் சம்பளம் போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேட்பார்களே என்ற கூச்சம் வேறு. நஷ்டம் முழுக்க ஒருவர் தலையில்.

கடை திறப்பது என்றால்

ஊர் சுற்றியவர் ஒருநாள் கடை போடத் தீர்மானிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படப்பை பக்கமோ மாத்தூர் பக்கமோ மாடியில் ஒரு பத்துக்குப் பத்து அறை. முன்பணம், ஏசி, சாய்கிற நாற்காலி, கழுவக்கூடிய தரை, கை கழுவத் தனிக் குழாய், நல்ல விளக்கு, ஊசி போடத் தடித்த பிளாஸ்டிக் டப்பா. இதெல்லாம் செலவு. பையோடு அலைந்தபோது இந்தச் செலவு எதுவும் கிடையாது. அதாவது, நேர்மையாகக் கடை வைப்பவர் விலையை ஏற்ற வேண்டியிருக்கும், பையோடு வருபவர் பாதி விலைக்குக் குத்திவிட்டுப் போவார்.

ரிஸ்க் இதோடு முடியவில்லை. இந்தப் பகுதியில் எந்தக் கடையும் கம்பெனியை நம்பித்தான் இருக்கிறது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது வேலை இழந்தவர்கள் தொழிலாளர்கள் மட்டுமா? அவர்களுக்கு டீ விற்றவர், வேன் ஓட்டியவர், வீடு வாடகைக்கு விட்டவர் எல்லோரும் சேர்ந்துதான் விழுந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கடை திறப்பவர் ஒரு துணிச்சல்காரர்.

ஆனால் கடை திறந்த நிமிடத்தில் ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. அவர் ஓடிப்போக முடியாது. கை வீங்கியவர் படியேறி வந்து "அண்ணா, இதைப் பாருங்க" என்று காட்டலாம். அதனால் கடைக்காரர் முன்கூட்டியே கேட்க ஆரம்பிப்பார். "வயசு பதினெட்டு ஆச்சா? வீக்லி ஆஃப் எப்போ? எந்த லைன்ல வேலை? ராணுவத்துக்கு ட்ரை பண்றியா?" கடைசிக் கேள்வி வேடிக்கை இல்லை. ராணுவ ஆள்சேர்ப்பில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் தவிர வேறு இடத்தில் டாட்டூ இருந்தால், பழங்குடியினருக்கான விலக்கு நீங்கலாக, தகுதி போய்விடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் கழுத்தில் குத்திக்கொண்டவர்களின் கனவு என்ன ஆகும்? லேசரில் அழிக்கலாம்தான். ஆனால் குத்தியதைவிடப் பல மடங்கு செலவு, பல தடவை போக வேண்டும், முழுக்கப் போகும் என்ற உத்தரவாதமும் இல்லை.

லண்டனில் நடந்ததைப் பாருங்கள். சதர்லாந்து மக்டொனால்டு என்பவர் ராணுவத்தில் இருந்தபோது டாட்டூ பழகி, பிறகு ஜெர்மின் தெருவில் கடை வைத்தார். 1894-ல் லண்டன் அஞ்சல் முகவரிக் கையேட்டில் டாட்டூ தொழிலாளர் என்ற தலைப்பில் இடம்பெற்ற முதல் ஆள் அவர்தான். கப்பல்படையில் ஊர் சுற்றிய ஜார்ஜ் பர்ச்செட்டும் பின்னாளில் லண்டனில் கடை போட்டு, 1953-ல் சாகும்வரை அதே தொழிலில் இருந்தார். புகழுக்குக் கலை காரணம் என்றால், அது நிலைத்ததற்கு முகவரி காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் சோகம். டாட்டூ குத்துபவருக்கு என்று தனியாகப் பயிற்சித் தகுதியோ உரிமமோ நிர்ணயிக்கும் மத்தியச் சட்டம் இந்தியாவில் இல்லை. கடைக்கு வாங்கும் சாதாரணத் தொழில் உரிமம் ஊசியைப் பற்றிக் கேட்காது. ஏதாவது விபரீதம் வெளியே வந்தால் மட்டும் அரசு விழிக்கும். 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கை இரண்டாகப் பிளக்கும் வேலை செய்தது வீடியோவாகப் பரவியதும், இருவரைக் கைது செய்து கடைக்குச் சீல் வைத்தார்கள். சரியான நடவடிக்கைதான். ஆனால் வீடியோ போடாதவர்கள்? 2025-ல் கர்நாடக அரசு டாட்டூ மைகளைச் சோதித்து, கேடான உலோகங்கள் இருப்பதாகச் சொல்லி, விதிமுறை வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டது. நல்ல தொடக்கம். மைக்கு விதி வந்தால் கைக்கும் வர வேண்டும்.

"எதற்கு இந்த வம்பு, தடை செய்துவிட்டால் போச்சு" என்று சிலர் சொல்வார்கள். நியூயார்க் நகரம் அதைச் செய்து பார்த்தது. ஹெபடைடிஸ் பரவுகிறது என்று 1961-ல் டாட்டூவுக்குத் தடை போட்டார்கள். தொழில் நின்றதா? அடுக்குமாடி வீடுகளுக்குள் ஒளிந்துகொண்டது. 36 வருடம் கழித்து 1997-ல் தடையை எடுத்தார்கள். "டாக்டர்கள் மட்டும் செய்யட்டும்" என்பது இன்னொரு யோசனை. தென்கொரியாவில் உச்ச நீதிமன்றம் 1992-ல் டாட்டூவை மருத்துவச் செயல் என்று சொல்லிவிட்டது. டாக்டர் அல்லாத கலைஞர்கள் எல்லோரும் சட்டவிரோதிகள் ஆனார்கள், ஆனாலும் குத்திக்கொண்டேதான் இருந்தார்கள். கடைசியில் 2025 செப்டம்பரில் அந்த நாட்டு நாடாளுமன்றம் டாட்டூ கலைஞர்களுக்கு உரிமம் கொடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இங்கிலாந்தின் வழி எளிமையானது. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதை ஏற்றுக்கொண்ட உள்ளாட்சிகளில் டாட்டூ குத்துபவரும் பதிய வேண்டும், இடத்தையும் பதிய வேண்டும். பதிந்தவர் அழைப்பின்பேரில் எப்போதாவது வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்க் குத்தினால் அது குற்றமில்லை என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே குத்தக்கூடாது என்பது அங்கே 1969 முதல் சட்டம்.

நமக்கு வேண்டியது என்ன?

பெரிய வாரியமோ தேர்வோ வேண்டாம். உரிமம் என்றாலே மாமூலுக்கு இன்னொரு வாசல் என்ற பயம் நியாயமானது. அதனால் சின்னதாக, எல்லோருக்கும் புரிவதாக இருக்கட்டும். ஆளின் பெயரில் ஒரு பதிவு அட்டை, அதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில நாள் தொற்றுத் தடுப்புப் பயிற்சி, மூன்று தவணை ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. கடையில் பதிவு எண்ணும் போன் நம்பரும் வாசலில் தெரிகிற மாதிரி பலகை. பயன்படுத்திய ஊசிகளைப் பக்கத்து ஆஸ்பத்திரியின் மருத்துவக் கழிவு வண்டியிலேயே எடுத்துப்போக ஏற்பாடு. ஊர் ஊராகப் போகிறவர் அதே அட்டையோடு, பதிவுபெற்ற கடையில் நாற்காலி வாடகைக்கு எடுத்துக் குத்தலாம். அவர் பயணத்தை யாரும் நிறுத்த வேண்டாம், அவர் போன பின்பும் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தால் போதும்.

பெண்களையும் மறக்கக்கூடாது. ஒரு காலத்தில் இந்தத் தொழில் பெண்கள் கையில் இருந்தது, பெண்கள் பெண்களுக்குக் குத்தினார்கள். இன்றைக்கு மெஷின் பெரும்பாலும் ஆண்கள் கையில். ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கியிருக்கும் வல்லம் வடகால் பக்கம் ஒரு பெண் நடத்தும் கடை, திரை போட்ட ஒரு நாற்காலி, எவ்வளவு நிம்மதியாக இருக்கும்! அந்தக் கடையைத் திறக்க, திருவிழாக்களில் இன்னும் பச்சை குத்திப் பிழைக்கும் குடும்பங்களின் பெண்களுக்குப் பயிற்சியும் கடனும் கொடுத்தால், ஒரு பழைய கணக்கில் கொஞ்சமாவது நேராகும்.

சரி, சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை குத்திக்கொள்ளப் போகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊசியை உங்கள் கண் முன்னால் புதுப் பாக்கெட்டிலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள். மையைப் பாட்டிலிலிருந்து நேரடியாகத் தொடாமல், சின்னக் கப்பில் ஊற்றி, மீந்ததைக் கொட்டிவிடச் சொல்லுங்கள். மெஷினைத் தொடும் முன் "பத்து நாள் கழித்து உங்களை எங்கே பார்க்கலாம்?" என்று கேளுங்கள். முகவரி சொல்லத் தயங்குபவரிடம் கையை நீட்டாதீர்கள்.